ரயில் பாதை வெட்டியவர்களும் சில்லறைத் திருட்டும்: விக்டோரியா காலத்துக்கு ஓர் எளிய அறிமுகம்

1846 பிப்ரவரி 28, சனிக்கிழமை. ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்குத் தெற்கே கோர்பிரிட்ஜ் என்று ஒரு சின்ன ஊர். எடின்பரோவிலிருந்து ஹாயிக் வரை போடப்பட்டுக்கொண்டிருந்த ரயில் பாதை அந்தப் பக்கமாகத்தான் போனது. அன்று கூலி நாள். மாதக் கூலியைக் கையில் வாங்கிய அயர்லாந்துத் தொழிலாளர்கள் மதுக்கடையில் உட்கார்ந்திருந்தார்கள். ஊர் ஊராகச் சுற்றி விற்கும் வியாபாரி ஒருவன் உள்ளே வந்து, தன்னிடம் இருந்த பாக்கெட் கடிகாரங்களைப் பார்க்கக் கொடுத்தான். கடிகாரங்கள் கைமாறிக் கைமாறிப் போயின. திருப்பிக் கேட்டபோது இரண்டு வரவில்லை.

போலீஸ் வந்து இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு போய் அடைத்தது. இரவோடு இரவாக இருநூறு பேர் அளவில் திரண்டு வந்து அவர்களை மீட்டுக்கொண்டு போனார்கள். திரும்பும் வழியில் எதிர்ப்பட்ட ரிச்சர்டு பேஸ் என்ற கான்ஸ்டபிளை அடித்துப் போட்டார்கள். அவர் பிழைக்கவில்லை. சேதி பரவியதும் அதே பாதையில் வேலை செய்த ஸ்காட்லாந்து, இங்கிலாந்துத் தொழிலாளர்கள் பெரும் கூட்டமாகப் போய், அயர்லாந்துக்காரர்களின் குடிசைகளைக் கொளுத்திவிட்டு வந்தார்கள். யார் கடிகாரத்தை எடுத்தார், யார் எடுக்கவில்லை என்று எந்தக் குடிசையும் பார்த்து எரியவில்லை.

இரண்டு கடிகாரம் ஏன் இவ்வளவு தூரம் போனது? அதைப் புரிந்துகொள்ள, விக்டோரியா மகாராணி பிரிட்டனை ஆண்ட அந்தக் காலத்தில் (1837–1901) ரயில் பாதை வெட்டியவர்கள் யார், எப்படிக் கூலி வாங்கினார்கள், சட்டம் எதைத் திருட்டு என்றது என்ற மூன்றையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். நான் இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது திருட்டைத்தான் தேடிப் போனேன். கடைசியில் கூலி நாளைப் பற்றித்தான் அதிகம் தெரிந்துகொண்டேன்.

முதலில் பெயர். இவர்களை இங்கிலாந்தில் 'நேவ்வி' என்பார்கள். கடற்படையைக் குறிக்கும் நேவி வேறு, இது வேறு. 18-ம் நூற்றாண்டில் படகுப் போக்குவரத்துக்காகக் கால்வாய் வெட்டியவர்களுக்கு 'நேவிகேட்டர்' என்று பெயர் இருந்தது. அதன் சுருக்கம்தான் நேவ்வி. கால்வாய்க் காலம் முடிந்து ரயில் காலம் வந்தபோது அதே ஆட்களும் அதே பெயரும் ரயிலுக்கு வந்தன. 1830-ல் லிவர்பூல் மான்செஸ்டர் பாதை திறந்தது. 1840-களின் நடுவில் ரயில் பங்குகளில் பணம் போடும் வெறி நாடு முழுக்கப் பிடித்து, எங்கு பார்த்தாலும் பாதை வெட்டினார்கள். 1847-ல் கட்டுமானத்தில் இருந்த பாதைகளில் மட்டும் சுமார் 2,56,000 பேர் வேலை செய்தார்கள்.

இயந்திரம் மிகக் குறைவு. பிக்காஸ், ஷவல், தள்ளுவண்டி, வெடிமருந்து, குதிரை. இவற்றை வைத்துத்தான் மலையைக் குடைந்தார்கள், பள்ளத்தை நிரப்பிக் கரை போட்டார்கள். ஒரு நல்ல நேவ்வி ஒரே நாளில் ஏறத்தாழ 20 டன் மண்ணை வாரிப் போடுவான் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. அந்த உழைப்புக்குத் தகுந்த சாப்பாடும் வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக மாட்டிறைச்சி, கூடவே பீர். வயலில் வேலை செய்த ஆட்கள் புதிதாக வந்தால், இந்தச் சாப்பாடும் பழக்கமும் உடம்பில் சேர்ந்து முழு வேலை பார்க்கும் அளவுக்குத் தேற ஏறத்தாழ ஒரு வருடம் பிடிக்கும் என்பார்கள்.

கூலி மோசமில்லை. இந்த இடத்தில்தான் பலரும் குழம்புவார்கள். அந்தக் காலத்துக் காசுக் கணக்கு இது: 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. 1846-ல், வேலைக்கு ஆள் கிடைக்காத உச்சத்தில், தேர்ந்த நேவ்விக்கு வாரம் 22 முதல் 24 ஷில்லிங் வரை கிடைத்தது. தெற்கு மாவட்டங்களில் பண்ணைக் கூலிக்கு வாரம் 8, 9 ஷில்லிங்தான். அதாவது, பக்கத்து வயலில் உழுபவனைவிட இரண்டு மடங்குக்கு மேல். அப்படி இருக்க, கோழியும் டர்னிப் கிழங்கும் அடுத்தவனுடைய பூட்ஸும் ஏன் காணாமல் போயின?

கூலி எவ்வளவு என்பதைவிட, அது எப்போது கைக்கு வந்தது என்பதில் இதற்கான பதிலின் பெரும்பகுதி இருக்கிறது.

வாரக் கணக்கில் கூலி பேசினாலும் வாரா வாரம் காசு வராது. பல இடங்களில் மாதத்துக்கு ஒரு முறை. வடக்கு இங்கிலாந்தில் பென்னைன் மலைத்தொடரைக் குடைந்து போட்ட வுட்ஹெட் சுரங்கப்பாதையில் ஒன்பது வாரத்துக்கு ஒரு முறை. 1839 முதல் 1845 வரை நடந்த வேலை அது. ஏறத்தாழ மூன்று மைல் நீளம். குறைந்தது 32 பேர் அங்கே செத்தார்கள். பக்கத்தில் ஊர் கிடையாது, கடை கிடையாது. காற்று வீசும் மேட்டில் கற்களை அடுக்கி மண்ணைப் பூசி, மேலே புதர்ச்செடிகளை வேய்ந்து அவர்களே போட்டுக்கொண்ட குடிசைகள். ஒரு குடிசையில் பத்துப் பதினைந்து பேர். ஒன்பது வாரம் என்பது 63 நாள். புதிதாக வந்து சேர்ந்தவன் அந்த 63 நாளும் என்ன சாப்பிடுவான்?

அதற்குத்தான் 'டாமி கடை'. கான்ட்ராக்டரோ அவருக்கு வேண்டியவரோ நடத்தும் மளிகைக் கடை. கூலி வரும்வரை, மேஸ்திரி ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். அந்தச் சீட்டை அந்தக் கடையில் மட்டும்தான் மாற்ற முடியும். நம் ஊர்ப் பற்று நோட்டு மாதிரி என்று நினைத்துவிட வேண்டாம். பற்று நோட்டில் கடைக்காரர் வேறு, முதலாளி வேறு. விலை பிடிக்கவில்லை என்றால் அடுத்த தெருவுக்குப் போகலாம். டாமி கடையில் விலை வைப்பவரும் கூலி கொடுப்பவரும் ஒரே ஆள். கூலி நாளில் கடைக்கணக்கைக் கழித்துக்கொண்டு மீதிதான் தருவார். விலை வெளிக்கடையைவிட அதிகம், பொருள் மட்டம், சமயத்தில் எடையும் குறைவு என்று 1846-ல் ரயில் தொழிலாளர்களின் நிலையை விசாரித்த நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி மேல் சாட்சியாகச் சொன்னார்கள். பொருளாக வேண்டாம், காசாக வேண்டும் என்றால் அந்தச் சீட்டை யாரிடமாவது குறைந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். ஊருக்கு ஒரு ஷில்லிங் அனுப்பக்கூட, ஒரு ஷில்லிங்குக்கு மேல் மதிப்புள்ள சீட்டை இழக்க வேண்டும்.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லையா? இருந்தது. தொழிலாளிக்குக் கூலியைப் பொருளாகக் கொடுக்கக் கூடாது, காசாகத்தான் கொடுக்க வேண்டும் என்று 1831-லேயே 'டிரக் சட்டம்' வந்துவிட்டது. ஆனால் எந்தெந்தத் தொழிலுக்குப் பொருந்தும் என்ற பட்டியலில் ரயில் பாதை வேலை இல்லை. அப்போது அப்படியொரு தொழில் பெரிதாக இருக்கவும் இல்லை. சரி, பிறகாவது சேர்த்தார்களா என்றால், 1887-ல்தான் அது நடந்தது. இடையில் 56 வருடம். இங்கிலாந்தின் முக்கியமான ரயில் பாதைகளில் பெரும்பாலானவை அந்த இடைவெளிக்குள் போட்டு முடிக்கப்பட்டுவிட்டன.

இப்போது திருட்டுக்கு வருவோம்.

சில்லறைத் திருட்டு என்பதற்கு ஆங்கிலேயச் சட்டத்தில் ஒரு காலத்தில் துல்லியமான அளவே இருந்தது. திருடிய பொருளின் மதிப்பு 12 பென்ஸ், அதாவது ஒரு ஷில்லிங்கைத் தாண்டாவிட்டால் அது சிறு திருட்டு. தாண்டினால் பெருந்திருட்டு. பெருந்திருட்டு, சட்டப் புத்தகத்தின்படி உயிருக்கே உலை வைக்கக்கூடிய குற்றம். அதனால் இரக்கமுள்ள ஜூரிகள், மூன்று ஷில்லிங் பெறும் பொருளைக்கூடத் தெரிந்தே '10 பென்ஸ்' என்று மதிப்பிட்டு ஆளைக் காப்பாற்றுவது உண்டு. 1827-ல் இந்தச் சிறிது பெரிது பிரிவை எடுத்துவிட்டார்கள். அதன்பின் சாதாரணத் திருட்டு எல்லாம் ஒரே குற்றம். தண்டனை சில நாள் சிறையிலிருந்து ஏழு வருட நாடு கடத்தல் வரை, நீதிபதி கையில். எனவே விக்டோரியா காலத்து ரயில் தொழிலாளர்களைப் பற்றிப் பேசும்போது 'சில்லறைத் திருட்டு' என்று நாம் சொல்வது சட்டத்தின் பெயர் இல்லை. பொருளின் அளவைப் பார்த்து நாம் வைக்கும் பெயர்.

கேட்க வியப்பாக இருக்கும் ஒரு நுணுக்கம் இதில் உண்டு. ஒரு நேவ்வி சாயங்காலம் வேலை முடிந்து போகும் வழியில் மூன்று காரியம் செய்கிறான் என்று வைத்துக்கொள்வோம். புதரில் கண்ணி வைத்து ஒரு முயலைப் பிடிக்கிறான். வயலில் இரண்டு டர்னிப்பைப் பிடுங்குகிறான். பண்ணை வீட்டுக் கொல்லையில் ஒரு கோழியைத் தூக்குகிறான். நம் பார்வையில் மூன்றும் ஒன்றுதான். சட்டத்தின் பார்வையில் மூன்றும் வேறு வேறு.

முயல் காட்டு விலங்கு. உயிரோடு ஓடிக்கொண்டிருக்கும்வரை அது யாருக்கும் சொத்து இல்லை, ஆகவே அதைத் திருட முடியாது. ஆனால் அடுத்தவர் நிலத்தில் வேட்டையாடினால் அதற்கென்றே தனி வேட்டைச் சட்டங்கள் இருந்தன. இரவில் பிடித்தால் தண்டனை இன்னும் கடுமை. டர்னிப் மண்ணோடு ஒட்டியிருக்கும்வரை நிலத்தின் பகுதி. நிலத்தைத் திருட முடியாது என்பதால் பழைய வழக்கப்படி அதுவும் திருட்டில் சேராது. அந்த ஓட்டையை அடைக்க 1827 சட்டத்தில் தனிப்பிரிவு எழுதினார்கள். உள்ளூர் மாஜிஸ்திரேட்டே விசாரித்து அபராதமோ குறுகிய காலச் சிறையோ போடலாம். கோழி வளர்ப்புப் பிராணி. அது சொத்து. அதைத் தூக்கினால் முழுத் திருட்டு. அப்படியே இழுத்துக்கொண்டு போய் சிறையில் வைத்து, மாவட்டக் குற்றவியல் அமர்வு கூடும்வரை காக்க வைப்பார்கள். அந்த அமர்வு வருடத்துக்கு நான்கு முறைதான். சில வாரம் விசாரணைக் கைதியாக இருந்தபிறகு ஒரு கோழிக்கான வழக்கு. 1855-ல்தான், பொருள் 5 ஷில்லிங்குக்குக் குறைவாக இருந்து குற்றம் சாட்டப்பட்டவரும் ஒப்புக்கொண்டால், மாஜிஸ்திரேட்டுகளே உடனே விசாரித்து முடிக்கலாம் என்று மாற்றினார்கள். சின்னத் திருட்டுகளுக்கு அது பெரிய மாற்றம்.

சரி, கோழியும் முயலும் ஊராரிடமிருந்து எடுத்தவை. ஊரார் நடுங்கியதும் அதற்குத்தான். ஆனால் திருட்டு நடந்த இன்னொரு முக்கியமான இடம் குடிசைக்குள்ளேயே இருந்தது. எடுத்தவனும் நேவ்வி, இழந்தவனும் நேவ்வி.

அந்தக் குடிசையை ஒரு நிமிடம் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஒரே அறை. சுவரோரம் அடுக்குக் கட்டில்கள். பகல் ஷிஃப்ட் ஆள் எழுந்து போனதும் அதே படுக்கையில் இரவு ஷிஃப்ட் ஆள் வந்து விழுவான். நடுவில் அடுப்பு. சமைத்துப் போட ஒரு வயதான அம்மா. அடுப்பின் மேல் ஒரு பெரிய கொப்பரை. கொப்பரையின் விளிம்பைச் சுற்றி நூல் நூலாகத் தொங்கும். ஒவ்வொரு நூலின் மறுமுனையிலும், கொதிக்கும் தண்ணீருக்குள், ஒவ்வொருவனுடைய சாப்பாடு: ஒருவனுக்குப் பன்றிக்கறி, இன்னொருவனுக்கு வலையில் கட்டிய உருளைக்கிழங்கு. எந்த நூல் யாருடையது என்று அந்த அம்மாவுக்குத் தெரியும், நூலின் வெளிமுனையில் கட்டிய குச்சியில் போட்ட அடையாளத்தை வைத்து. பத்துப் பேரின் சாப்பாடு ஒரே தண்ணீரில் வெந்தது. ஆனாலும் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சொந்தக்காரன் இருந்தான்.

பூட்டும் பெட்டியும் அபூர்வமான இடத்தில் உடைமை என்பது இப்படித்தான் ஒரு நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. நேவ்வியின் சொத்து அவன் உடம்பில் இருப்பதுதான். மோல்ஸ்கின் என்ற தடித்த பருத்தித் துணியில் கால்சட்டை, கனத்த கேன்வாஸ் சட்டை, கண்ணைப் பறிக்கும் நிறத்தில் கைக்குட்டை, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு நல்ல வெல்வெட்டீன் கோட்டு, ஆணி அடித்த பூட்ஸ். பூட்ஸ் இல்லாவிட்டால் பாறை வெட்டும் இடத்தில் வேலையே செய்ய முடியாது. அதனால் அதுவே அவனுடைய மூலதனம். திருடுவதற்கும் அதுவே சுலபம், இரவு கழற்றி வைத்த இடத்தில் இருக்கும். விடியுமுன் போட்டுக்கொண்டு கிளம்பினால், அடுத்த ஊர் அடகுக்கடையில் காசாகிவிடும். பிடிபடுவதும் பெரும்பாலும் அந்த அடகுக்கடையில்தான். அடகுக்காரரின் புத்தகத்தில் பொருளும் தேதியும் இருக்கும், பறிகொடுத்தவன் தன் கோட்டைக் கண்டால் அடையாளம் சொல்லிவிடுவான்.

அந்தப் பூட்ஸைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. எடுத்தவனுக்கு அது சில நாள் சாப்பாடு. பறிகொடுத்தவனுக்குப் புது பூட்ஸ் வாங்கும்வரை கூலியே இல்லை. அவன் போய் நிற்க வேண்டியது மறுபடியும் டாமி கடை வாசலில். சில்லறை என்று நாம் சொல்லும் திருட்டு, பறிகொடுத்தவனுக்குச் சில்லறையே இல்லை.

மூன்றாவது வகை, வேலையிடத்திலிருந்து எடுப்பது. ஷவல், பிக்காஸ், மெழுகுவர்த்தி, கயிறு, அடுப்பெரிக்க மரத்துண்டு, நிலக்கரி. கருவி முதலாளியுடையது, வேலை செய்வதற்காகக் கையில் கொடுத்தது. கையில் இருந்தாலும் சட்டப்படி அது முதலாளியின் வசம் இருப்பதாகவே பொருள். எனவே அதை விற்றால் திருட்டு. வேலை முடிந்து மிஞ்சிய மரத்துண்டை வீட்டுக்கு எடுத்துப் போவது பல தொழில்களில் பழைய வழக்கம், மாமூல். 19-ம் நூற்றாண்டில் முதலாளிகள் அந்த மாமூல்களை ஒவ்வொன்றாகத் திருட்டு என்று அறிவித்துக்கொண்டே வந்தார்கள். வழக்கம் எங்கே முடிந்து குற்றம் எங்கே தொடங்கியது என்பதில் இரு தரப்புக்கும் உண்மையாகவே வேறு வேறு எண்ணம் இருந்தது.

நான்காவதாக ஒன்று. அதைச் சட்டம் திருட்டு என்று சொல்லவில்லை, ஆனால் ஊரார் சொன்னார்கள். நேவ்விகளின் மொழியில் அதற்கு 'ஸ்லோப்' என்று பெயர். கடன் வைத்துவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடுவது. தங்க இடம் கொடுத்துச் சோறு போட்ட வீட்டுக்கார அம்மாவுக்குப் பல வார பாக்கி நிற்கும். கூலி வாங்கிய இரவே ஆள் மாயம். எங்கே தேடுவது? இவர்களில் பலருக்கு வேலையிடத்தில் புனைபெயர்தான். ஜிப்சி ஜோ, சண்டைக்கார ஜேக் என்று ஏதோ ஒன்று. மேஸ்திரியின் கூலிப் பட்டியலில்கூட அந்தப் பெயரே இருக்கும். அடுத்த மாவட்டத்துப் பாதை வேலைக்குப் போய் வேறு பெயர் சொன்னால் முடிந்தது. இது கடன் பாக்கி. ஆகவே சிவில் விவகாரம். ஆனால் ஒரு விதவை நான்கு பேருக்குச் சோறு போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தால், இரண்டு பேர் ஸ்லோப் ஆனாலே அவள் குடும்பம் சாய்ந்துவிடும். கோழி போனதைவிட அவளுக்கு இதுதான் பெரிய அடி.

இதே காரியத்தை மேலிருந்து செய்தவர்களும் உண்டு. பெரிய கான்ட்ராக்டர் வேலையைத் துண்டு துண்டாகச் சப்-கான்ட்ராக்டர்களுக்குக் கொடுப்பார். அவர்கள் மேஸ்திரிகளுக்குக் கொடுப்பார்கள். கூலிப்பணம் இந்த ஏணி வழியாகத்தான் கீழே இறங்கும். நடுவில் ஒருவர் பணத்தோடு தலைமறைவானால் கீழே இருப்பவர்களுக்கு மாதக்கணக்கான உழைப்பு போச்சு. கைக்கும் வாய்க்குமாக வாழ்ந்தவர்கள் பலர் ஒரே நாளில் கையில் காசில்லாமல் நிற்பார்கள். அந்த வாரம் சுற்றுவட்டாரத்தில் கோழிகள் குறைந்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் உறுத்துவது சட்டத்தின் சாய்வு. 1823-ம் ஆண்டின் எஜமானர் பணியாளர் சட்டப்படி, ஒப்புக்கொண்ட வேலையைப் பாதியில் விட்டுப் போன தொழிலாளிக்கு மூன்று மாதம் வரை சிறை. ஒப்புக்கொண்ட கூலியைக் கொடுக்காத முதலாளிக்குச் சிறை கிடையாது, அவரிடம் பணம் கேட்டு முறையிடலாம், அவ்வளவுதான். 1867-ல் கொஞ்சம் தளர்த்தினார்கள், முழுதாக நீங்கியது 1875-ல்தான். கடையில் எடை குறைத்து வருடம் முழுக்க எடுத்த மாவும் வெண்ணெயும் வியாபாரம். வயலில் பிடுங்கிய இரண்டு டர்னிப் குற்றம். திருட்டை நியாயப்படுத்த இதைச் சொல்லவில்லை. பூட்ஸைப் பறிகொடுத்தவனிடம் போய் அந்த நியாயம் பேச முடியாது. ஆனால் குற்றப்பதிவேட்டில் யாருடைய பெயர் ஏறியது, யாருடையது ஏறவில்லை என்பதை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொன்னால் பாதிக் கதைதான் சொன்னதாகும்.

அப்புறம் போலீஸ். இன்று நாம் நினைப்பது போல ஊருக்கு ஒரு காவல் நிலையம் அப்போது கிடையாது. லண்டனில் 1829-ல் போலீஸ் வந்துவிட்டது. கிராமப்புற மாவட்டங்கள் விரும்பினால் போலீஸ் படை வைத்துக்கொள்ளலாம் என்று 1839-ல் சட்டம் வந்தது. வைத்தே ஆக வேண்டும் என்று ஆனது 1856-ல். நடுவில் ரயில் வெறி வந்து போய்விட்டது. நூறு இருநூறு குடும்பங்கள் வாழும் ஊரில், வேறு தொழில் பார்த்துக்கொண்டே காவலும் பார்க்கும் ஒரே ஒரு ஊர்க் கான்ஸ்டபிள். அங்கே திடீரென்று ஆயிரம் பேர் வந்து குடிசை போடுகிறார்கள். ஊர் நடுங்கத்தானே செய்யும்? 1838-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள்: ரயில், கால்வாய் போன்ற வேலை நடக்கும் இடத்தில் கலவரம் வரும் என்று தோன்றினால் மாஜிஸ்திரேட்டுகள் சிறப்புக் கான்ஸ்டபிள்களை நியமிக்கலாம், செலவை அந்தக் கம்பெனி ஏற்க வேண்டும். நல்ல யோசனைதான். ஆனால் சிறப்புக் கான்ஸ்டபிள் கலவரத்துக்குத்தான் வருவார். கொப்பரை நூலில் தொங்கும் பன்றிக்கறிக்கு வரமாட்டார்.

அதனால் குடிசைக்குள் நடந்த திருட்டைக் குடிசையே விசாரித்தது. உடனிருப்பவனிடம் எடுத்தவன் பிடிபட்டால் உதை, பிறகு வெளியேற்றம். இவை பதிவேட்டுக்கு வராது. ஊராரின் கோழி வரும், கான்ட்ராக்டரின் ஷவல் வரும். சக தொழிலாளியின் பூட்ஸ், அவன் கோபத்தை அடக்கிக்கொண்டு மாஜிஸ்திரேட்டிடம் போய், விசாரணைக்காக ஒரு நாள் கூலியையும் இழக்கத் தயாராக இருந்தால்தான் வரும்.

கோர்பிரிட்ஜ் கடிகாரங்கள் ஏன் தீயில் முடிந்தன என்பது இப்போது கொஞ்சம் பிடிபடும். மாதம் ஒரு முறை மொத்தமாகக் கையில் வரும் காசு, அன்றே குடி, அன்றே சில்லறை வியாபாரிகளும் ஜேப்படிக்காரர்களும் கூடும் சந்தை, விரல்விட்டு எண்ணக்கூடிய போலீஸ். இத்தோடு இன்னொன்றும் சேர்ந்தது. அயர்லாந்துக்காரர்கள் குறைந்த கூலிக்கு வந்து தங்கள் பிழைப்பைக் கெடுக்கிறார்கள் என்று மற்றவர்களுக்குப் பழைய கோபம். திருட்டு அதற்குத் தீக்குச்சி.

அயர்லாந்துக்காரர்களைப் பற்றி அதே 1846-ல் எழுத்தாளர் தாமஸ் கார்லைல் ஒரு கடிதத்தில் எழுதியது இங்கே நினைவுக்கு வருகிறது. ஸ்காட்லாந்தில் தன் சொந்த ஊர்ப் பக்கம் பாதை வெட்டிக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்து அவர் மிகக் கடுமையாகத்தான் எழுதினார், பல மடங்கு கூலி வாங்கி அத்தனை மடங்கு கெட்டுப்போன கூட்டம் என்ற தொனியில். ஆனால் அதே கடிதத்தில் இன்னொன்றும் சொன்னார்: விசாரித்ததில் நடத்தையில் சிறந்தவர்கள் அயர்லாந்துக்காரர்கள்தானாம். அவர்களில் பலர் தவறாமல் வந்து ஊருக்குப் பணம் அனுப்புவதாகத் தபால் அதிகாரி அவரிடம் சொல்லியிருக்கிறார். அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பஞ்சம் தொடங்கியிருந்த நேரம் அது. மதுக்கடை எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. தபால் ஜன்னல் ஒருவர் கண்ணுக்குத்தான் தெரிந்தது.

உண்மையில் இவர்கள் எவ்வளவு திருடினார்கள்? மாவட்ட நீதிமன்றப் பதிவேடுகளைப் பிற்காலத்தில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்த வரலாற்றாய்வாளர்கள், பேச்சில் இருந்த அளவுக்குக் குற்றம் பதிவில் இல்லை என்றே கண்டார்கள். இருந்ததிலும் சின்னத் திருட்டு, குடிபோதை, கைகலப்பு ஆகியவையே மிகுதி. இதில் ஒரு சிக்கலும் உண்டு. பதிவேட்டில் தொழில் என்ற இடத்தில் பெரும்பாலும் 'லேபரர்', கூலியாள், என்று மட்டும் எழுதியிருக்கும். அவன் பாதை வெட்டியவனா, பக்கத்துப் பண்ணை ஆளா என்பது தெரியாது. அந்த வட்டாரத்தில் என்ன காணாமல் போனாலும் முதல் சந்தேகம் நேவ்வியின் மேல் விழுந்ததால், உள்ளூர்த் திருடர்களுக்கும் அது நல்ல காலமாகத்தான் இருந்திருக்கும்.

மாற்று வழி தெரியாமல் இருந்ததா என்றால், தெரிந்தே இருந்தது. அந்தக் காலத்தின் மிகப்பெரிய கான்ட்ராக்டர்களில் ஒருவரான சாமுவேல் மார்ட்டன் பீட்டோ, 1846 குழுவின் முன் வந்து, தான் வாராவாரம் காசாகக் கூலி தருவதாகவும் டாமி கடை வைப்பதில்லை என்றும் சொன்னார். ஆட்களை ஒழுங்காக நடத்தினால் அவர்களைவிட விசுவாசமான உழைப்பாளிகள் கிடையாது என்பது அவர் சாட்சியத்தின் சாரம். குழுவும் அதைக் கேட்டு, டிரக் சட்டத்தை ரயில் வேலைக்கும் நீட்டிக்க வேண்டும், கூலியைக் குறுகிய இடைவெளியில் காசாகக் கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அறிக்கையை நாடாளுமன்றம் விவாதிக்கவே இல்லை. எனக்கு இதைவிட வருத்தம் தரும் விஷயம் இந்த வரலாற்றில் அதிகம் இல்லை.

அதற்குள் ரயில் பங்குகள் சரிந்தன. 1847-ல் 2,56,000 ஆக இருந்த ஆட்கள் 1849-ல் சுமார் 1,04,000. 1850-ல் 59,000. மூன்றே வருடத்தில் இரண்டு லட்சம் பேருக்கு வேலை போனது. அவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் சாலையில் இறங்கி நடந்தார்கள், எங்கே அடுத்த வெட்டு என்று கேட்டுக்கொண்டே. பாதையோரப் பண்ணைகளில் ரொட்டியும் உடுப்பும் காணாமல் போன வழக்குகளை அந்த வருடங்களில் படிக்கும்போது இந்த எண்ணையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உங்களுக்கு ஆர்வம் இருந்தால் நீங்களே இந்தப் பதிவுகளைப் பார்க்கலாம். லண்டனின் ஓல்டு பெய்லி நீதிமன்ற விசாரணைகள் முழுவதும் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. மாவட்ட ஆவணக் காப்பகங்கள் பலவும் குற்றவியல் அமர்வுகளின் பட்டியலைப் போட்டிருக்கின்றன. 'நேவ்வி' என்ற சொல்லை மட்டும் தேடினால் ஏமாந்துபோவீர்கள். 'எக்ஸ்கவேட்டர்' (அன்று மண் தோண்டும் ஆளுக்கே அந்தப் பெயர்), 'ரயில்வே லேபரர்' என்ற சொற்களையும் தேடுங்கள், 1841, 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் இந்தப் பெயர்கள்தான் அதிகம். ஒரு வழக்கு கிடைத்ததும் முதலில் தேதியைப் பாருங்கள். பிறகு அந்தப் பாதையில் கூலி எத்தனை வாரத்துக்கு ஒரு முறை கொடுத்தார்கள் என்று தேடுங்கள். அதற்குப் பிறகு, காணாமல் போன பொருள் என்ன, அது யாருடையது என்று படியுங்கள்.